ஸ்கிராட்ச்: சிறுவர் நிரலாக்கத்தின் வரலாறும் முதல் படிகளும்

ஸ்கிராட்ச் என்பது பள்ளிச் சிறுவர்கள் கதைகள், விளையாட்டுகள், அசைவூட்டப் படங்கள் ஆகியவற்றைத் தாங்களே உருவாக்குவதற்கான இலவசக் காட்சி நிரலாக்கச் சூழல் ஆகும். இதில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. வண்ணக் கட்டைகளாகத் தரப்பட்டுள்ள கட்டளைகளைச் சுட்டியால் இழுத்து ஒன்றோடொன்று பொருத்தினால் நிரல் உருவாகிவிடும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் (எம்.ஐ.டி.) ஊடக ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டு, 2007 மே மாதத்தில் இது பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. 8 முதல் 16 வயது வரையிலான சிறுவர்களை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டாலும், எல்லா வயதினரும் இதைப் பயன்படுத்துகின்றனர். எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் கிடைக்கிறது. பதிவு செய்த பயனர்களின் எண்ணிக்கை பத்து கோடியைத் தாண்டியுள்ளது.

ஸ்கிராட்ச் திடீரென்று தோன்றிய கருவி அன்று. அதற்குப் பின்னால் நாற்பது ஆண்டுக்கால முயற்சி இருக்கிறது. அம்முயற்சியின் மையத்தில் இருந்த கேள்வி ஒன்றே: பள்ளியில் கணினி குழந்தைக்குப் பாடம் நடத்துமா, அல்லது குழந்தை கணினிக்குப் பாடம் நடத்துமா? இக்கேள்வியின் வரலாற்றை அறிந்துகொண்டால் ஸ்கிராட்ச்சை எப்படித் தொடங்குவது என்பதும், எப்படித் தொடங்கக்கூடாது என்பதும் தெளிவாகும்.

லோகோ பிறந்த சூழல்

1960களில் கணினி என்பது பெரிய அறையை அடைத்துக்கொண்டிருந்த விலையுயர்ந்த இயந்திரம். பல்கலைக்கழகங்களும் இராணுவமும் பெரு நிறுவனங்களும் மட்டுமே அதை வைத்திருந்தன. அறிவியல் படிக்காத மாணவர்களும் நிரல் எழுத வேண்டும் என்ற நோக்கில் 1964-இல் டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமெனியும் தாமஸ் கர்ட்ஸும் பேசிக் மொழியை உருவாக்கினர். அது கல்லூரி மாணவர்களுக்கான முயற்சி. பள்ளிக் குழந்தைகளுக்கு நிரலாக்கம் என்ற எண்ணம் அன்று பலருக்கு வேடிக்கையாகவே தோன்றியது.

அந்த எண்ணத்தை முன்னெடுத்தவர்களில் முதன்மையானவர் சீமோர் பாப்பர்ட். 1928-இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பிறந்த இவர் ஒரு கணிதவியலாளர். 1958 முதல் 1963 வரை சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் உளவியலாளர் ஜான் பியாஜேயுடன் பணியாற்றினார். குழந்தைகள் அறிவை வெளியிலிருந்து அப்படியே பெற்றுக்கொள்வதில்லை, தம் அனுபவத்திலிருந்து தாமே கட்டியெழுப்புகின்றனர் என்பது பியாஜேயின் கருத்து. பாப்பர்ட் அதில் ஒரு படி மேலே சென்றார். பிறருக்குக் காட்டக்கூடிய ஒரு பொருளைத் தன் கையால் உருவாக்கும்போது குழந்தையின் மனத்துக்குள்ளும் அறிவு சிறப்பாக உருவாகிறது என்றார். பின்னர் எம்.ஐ.டி.க்கு வந்த அவர், அத்தகைய பொருளை உருவாக்கும் கருவியாகக் கணினியைக் கண்டார்.

1967-இல் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த போல்ட், பெரானெக் அண்ட் நியூமன் நிறுவனத்தில் வாலி ஃபியூர்சீக், பாப்பர்ட், சிந்தியா சாலமன் உள்ளிட்ட குழுவினர் லோகோ என்ற மொழியை உருவாக்கினர். சொல், எண்ணம் ஆகியவற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. லிஸ்ப் என்ற மொழியை அடிப்படையாகக் கொண்டது. தொடக்ககால லோகோவில் படம் வரையும் வசதி கிடையாது. குழந்தைகள் சொற்களையும் வாக்கியங்களையும் வைத்தே விளையாடினர். கணினி தானாக வாக்கியம் அமைக்க வேண்டுமென்றால், எது பெயர்ச்சொல், எது வினைச்சொல் என்று அதற்குப் பிரித்துச் சொல்ல வேண்டும். அவ்வாறு செய்து பார்த்த பிறகே இலக்கணப் பாடத்தின் தேவை தனக்கு விளங்கியது என ஒரு பள்ளி மாணவி உணர்ந்ததைப் பாப்பர்ட் தம் நூலில் பதிவு செய்துள்ளார்.

தரையில் நடந்த ஆமை

சிறிது காலத்தில் லோகோவுக்கு ஓர் ஆமை கிடைத்தது. அரைக்கோள வடிவில் சக்கரங்களோடு, வயிற்றுப் பகுதியில் ஒரு பேனாவோடு, கம்பி வழியே கணினியுடன் இணைக்கப்பட்ட சிறு இயந்திரம் அது. 1940களின் இறுதியில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கிரே வால்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் தாம் உருவாக்கிய தானியங்கி இயந்திரங்களை ஆமை என்று அழைத்திருந்தார். லோகோவின் ஆமைக்கும் பெயர் அவ்வழியில் வந்தது. முன்னே 50 அடி செல், வலப்புறம் 90 பாகை திரும்பு என்று கட்டளையிட்டால், தரையில் விரித்த தாளில் கோடு போட்டபடியே அது நகரும். பின்னர் அதே ஆமை கணினித் திரையில் ஒரு சிறு முக்கோணமாகவும் வந்தது.

ஆமையின் சிறப்பு, குழந்தை தன்னையே அதன் இடத்தில் வைத்துப் பார்க்க முடியும் என்பதாகும். சதுரம் வரைய வழி தெரியாத குழந்தை எழுந்து நின்று சதுரமாக நடந்து பார்க்கலாம். எத்தனை முறை திரும்பினோம், எவ்வளவு திரும்பினோம் என்பதைக் கால்கள் சொல்லிவிடும். வடிவியல் புத்தகத்திலிருந்து உடம்புக்கு இறங்கி வந்தது.

1970களின் நடுவில் எம்.ஐ.டி.யில் ரேடியா பெர்ல்மன் இன்னும் ஒரு படி சென்றார். எழுதப் படிக்கத் தெரியாத மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளும் ஆமையை இயக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் அட்டையைத் தயாரித்தார். குழந்தைகள் அட்டைகளை ஒரு பெட்டியின் துளைகளில் வரிசையாகச் செருகினால், ஆமை அவ்வரிசைப்படி நடக்கும். இன்றைய கட்டை நிரலாக்கத்தின் முன்னோடியாக இதைக் கொள்ளலாம். பெர்ல்மன் பின்னாளில் கணினி வலையமைப்புத் துறையில் புகழ்பெற்ற அறிவியலாளர் ஆனார்.

லோகோவின் எழுச்சியும் தளர்ச்சியும்

1970களின் இறுதியில் ஆப்பிள் 2 போன்ற சிறு கணினிகள் சந்தைக்கு வந்தன. 1980-இல் பாப்பர்ட்டின் 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூல் வெளியானது. குழந்தை கணினியை நிரலாக்க வேண்டும், கணினி குழந்தையை நிரலாக்கக்கூடாது என்பதே அந்நூலின் சாரம். 1980களில் அமெரிக்கா, ஐரோப்பா ஆகியவற்றின் பல பள்ளிகளில் லோகோ நுழைந்தது. நடு அமெரிக்காவின் சிறிய நாடான கோஸ்டாரிக்கா 1988-இல் தன் தொடக்கப் பள்ளிகளில் லோகோவை அடிப்படையாகக் கொண்ட தேசியத் திட்டத்தைத் தொடங்கியது.

ஆனால், எதிர்பார்ப்பு உயர்ந்த அளவுக்கு ஏமாற்றமும் வந்தது. நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியைச் சேர்ந்த ராய் பீ, மிடியன் கர்லண்ட் ஆகியோர் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு லோகோ பயின்ற மாணவர்கள் திட்டமிடும் திறனில் மற்ற மாணவர்களைவிட மேம்படவில்லை என்று கண்டனர். பாப்பர்ட் இதற்கு விடையளித்தார். சுத்தியலையும் மரத்தையும் தனியே வைத்துக்கொண்டு அவை நல்ல வீட்டைக் கட்டுமா என்று கேட்பது எப்படிப் பொருளற்றதோ, அப்படியே லோகோவைச் சூழலிலிருந்து பிரித்து அது சிந்தனையை வளர்க்குமா என்று கேட்பதும் பொருளற்றது என்பது அவர் வாதம். கருவி எவ்வாறு, யாரால், எதற்காகப் பயன்படுத்தப்படுகிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கும் என்றார்.

இரு தரப்பிலும் உண்மை இருந்தது. பல பள்ளிகளில் லோகோ வாரம் ஒரு மணி நேரக் கணினி வகுப்பாகச் சுருங்கிவிட்டது. ஆசிரியர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை. கட்டளையில் ஓர் இடைவெளியோ குறியோ தவறினால் கணினி பிழைச் செய்தி காட்டும். பகா எண்களைப் பட்டியலிடுவதும் கோட்டுப் படம் வரைவதும் எல்லாக் குழந்தைகளையும் ஈர்க்கவில்லை. 1990களில் பள்ளிக் கணினி வகுப்பு சொற்செயலி, விரிதாள், இணைய உலாவி ஆகியவற்றைப் பழகும் இடமாக மாறியது. பழைய கேள்விக்கு விடை மாறிப்போனது. குழந்தை மீண்டும் கணினியின் பயனர் மட்டுமே ஆனது.

எழுத்திலிருந்து கட்டைக்கு

லோகோவின் எண்ணம் எம்.ஐ.டி.யில் அணையாமல் இருந்தது. அதைக் காத்தவர்களில் ஒருவர் மிட்செல் ரெஸ்னிக். அறிவியல் செய்தியாளராக இருந்து பின்னர் பாப்பர்ட்டின் மாணவரானவர். 1980களில் அவரும் அவர் சகாக்களும் லெகோ கட்டைகளையும் லோகோ மொழியையும் இணைத்தனர். குழந்தைகள் தாம் கட்டிய வண்டிகளையும் இயந்திரங்களையும் நிரல் எழுதி இயக்கினர். 1998-இல் லெகோ நிறுவனம் வெளியிட்ட இயந்திரனியல் தொகுப்புக்குப் பாப்பர்ட்டின் நூற்பெயரே சூட்டப்பட்டது. இதற்கிடையில் 1996-இல் எம்.ஐ.டி. மாணவர் ஆண்ட்ரூ பெகல், திரையில் கட்டைகளை இணைத்து நிரல் அமைக்கும் லோகோபிளாக்ஸ் என்ற சூழலை உருவாக்கினார். அலன் கே குழுவினரின் ஈடாய்ஸ் என்ற சிறுவர் சூழலும் ஸ்கிராட்ச்சுக்கு வழிகாட்டியாக அமைந்தது.

மற்றொரு தூண்டுதல் வகுப்பறைக்கு வெளியிலிருந்து வந்தது. 1993-இல் ரெஸ்னிக், நடாலி ரஸ்க் ஆகியோர் பாஸ்டன் கணினி அருங்காட்சியகத்தில் கம்ப்யூட்டர் கிளப்ஹவுஸ் என்ற மையத்தைத் தொடங்கினர். வசதி குறைந்த குடும்பங்களின் சிறுவர்கள் பள்ளி முடிந்ததும் வந்து தம் விருப்பப்படி கணினியில் எதையேனும் உருவாக்கும் இடம் அது. பின்னர் பல நாடுகளில் இத்தகைய மையங்கள் அமைந்தன. அங்கு வந்த சிறுவர்கள் படங்களைத் திருத்தினர், இசை அமைத்தனர், காணொளி தயாரித்தனர். நிரல் மட்டும் எழுதவில்லை. அவர்கள் கைக்கு எட்டும் வகையில் ஒரு நிரல் மொழி அன்று இல்லை.

ஸ்கிராட்ச் உருவான விதம்

இந்தக் குறையைப் போக்க ரெஸ்னிக்கின் 'வாழ்நாள் மழலையர் பள்ளி' ஆய்வுக் குழு, கலிபோர்னியாவைச் சேர்ந்த யாஸ்மின் கஃபாயுடன் இணைந்து 2003-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனத்தின் நிதி உதவியுடன் பணியைத் தொடங்கியது. ஜான் மலோனி மென்பொருளை எழுதும் பணிக்குத் தலைமை ஏற்றார். முதல் பதிப்பு ஸ்குவீக் என்ற சூழலில் எழுதப்பட்டது. ஒவ்வொரு மாதிரியும் கிளப்ஹவுஸ் சிறுவர்களின் கையில் கொடுத்துச் சோதிக்கப்பட்டது.

இசைத்தட்டுக் கலைஞர்கள் தட்டுகளை முன்னும் பின்னும் உரசிப் பழைய இசைத் துணுக்குகளிலிருந்து புதிய இசையைப் படைக்கும் உத்திக்கு 'ஸ்கிராட்ச்' என்று பெயர். படம், ஒலி, அசைவு ஆகியவற்றை அதுபோல் கலந்து படைக்கலாம் என்ற கருத்தில் இப்பெயர் சூட்டப்பட்டது.

வடிவமைப்பில் மூன்று கொள்கைகள் இருந்தன. தொடக்கநிலையாளர் எளிதில் நுழையும்படி தளம் தாழ்வாக இருக்க வேண்டும். காலப்போக்கில் சிக்கலானவற்றையும் செய்யும்படி கூரை உயர்வாக இருக்க வேண்டும். இவ்விரண்டும் பாப்பர்ட் சொன்னவை. பல வகை ஆர்வம் கொண்ட குழந்தைகளுக்கும் இடமிருக்கும்படி சுவர்கள் அகலமாக இருக்க வேண்டும் என்பது ரெஸ்னிக் குழுவினர் சேர்த்தது.

லோகோவின் பெரும் தடையாக இருந்த எழுத்துப் பிழையைக் கட்டைகளின் வடிவமே நீக்கியது. நிரலைத் தொடங்கும் கட்டை தொப்பி வடிவில் இருக்கும். அதன் மேல் எதையும் பொருத்த முடியாது. திரும்பச் செய்யும் கட்டை வாய் திறந்த கொக்கி போல இருக்கும். அதற்குள் பிற கட்டைகள் அமரும். எண் அல்லது சொல் தரும் கட்டைகள் நீள்வட்டமாகவும், ஆம் அல்லது இல்லை என்று விடை தருபவை அறுகோணமாகவும் இருக்கும். பொருந்தாதவை ஒட்டா. எனினும், தவறே நேராது என்று பொருளில்லை. நிரல் எப்போதும் ஓடும், ஆனால் நினைத்ததைச் செய்யாமல் போகலாம். குழந்தை தன் முழுக் கவனத்தையும் அந்தத் தவறில் செலுத்த முடிகிறது.

பகிர்தலும் மறுகலவையும்

2007-இல் மென்பொருளோடு ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. அதை உருவாக்கும் பணியை ஆண்ட்ரஸ் மன்ரோய் ஹெர்னாண்டஸ் முன்னின்று செய்தார். சிறுவர்கள் தம் படைப்புகளை அதில் வெளியிடலாம். வெளியிட்ட எதையும் பிறர் உள்ளே திறந்து பார்த்து, மாற்றி, புதிய படைப்பாக வெளியிடலாம். இதை மறுகலவை என்பர். பகிரப்படும் படைப்புகள் அனைத்தும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வருகின்றன.

இதனால் ஒரு சிக்கல் எழுந்தது. தன் படைப்பை இன்னொருவர் திருடிவிட்டதாகச் சிறுவர்கள் முறையிட்டனர். மூலப் படைப்பாளியின் பெயரைத் தானாகவே காட்டும் வசதியைக் குழு சேர்த்தது. ஆயினும் மனக்குறை முழுவதும் தீரவில்லை. 2011-இல் வெளியான ஆய்வு அதன் காரணத்தைக் காட்டியது. இயந்திரம் தானாகப் போடும் பெயரைவிட, மறுகலவை செய்தவர் தம் கைப்பட எழுதும் நன்றியையே சிறுவர்கள் மதித்தனர்.

பதிப்புகளின் வளர்ச்சி

2013 மே மாதம் வெளியான இரண்டாம் பதிப்பு உலாவியிலேயே இயங்கியது. குழந்தைகள் தமக்கென்று புதிய கட்டைகளை உருவாக்கும் வசதியும் அதில் வந்தது. கணினிக்குப் புதிய சொல்லைக் கற்பிப்பது என்ற லோகோவின் பழைய எண்ணத்தின் மறுவரவு இது. அப்பதிப்பு ஃபிளாஷ் தொழில்நுட்பத்தை நம்பியிருந்தது. 2020-இல் ஃபிளாஷ் நிறுத்தப்படும் என்று அடோபி 2017-இல் அறிவித்தது. 2019 ஜனவரி 2 அன்று வெளியான மூன்றாம் பதிப்பு ஜாவாஸ்கிரிப்டில் புதிதாக எழுதப்பட்டது. கூகுளின் பிளாக்லி அதன் கட்டைகளுக்கு அடிப்படை ஆனது. இப்பதிப்பு கைக்கணினிகளிலும் இயங்குகிறது. 5 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்கான ஸ்கிராட்ச் ஜூனியர் 2014-இல் தனியே வெளிவந்தது. எம்.ஐ.டி.யில் இருந்த ஸ்கிராட்ச் குழு 2019-இல் இலாப நோக்கற்ற ஸ்கிராட்ச் அறக்கட்டளைக்கு இடம் மாறியது. பாப்பர்ட் 2016-இல் காலமானார்.

தொடங்கும் முறை

ஸ்கிராட்ச்சை இணையதளத்தில் நேரடியாகப் பயன்படுத்தலாம். கணக்கு இல்லாமலும் நிரல் அமைக்க முடியும். படைப்பைத் தளத்தில் பகிரக் கணக்கு தேவை. இணைய வசதி இல்லாத பள்ளிகள் செயலியை ஒருமுறை பதிவிறக்கி நிறுவிக்கொண்டால் போதும்.

திரையில் மூன்று பகுதிகள் தெரியும். இடப்புறம் கட்டைகளின் தொகுப்பு. அசைவு, தோற்றம், ஒலி, நிகழ்வு, கட்டுப்பாடு, உணர்தல், செயற்குறி, மாறி, என் கட்டைகள் என ஒன்பது வகைகள் வெவ்வேறு வண்ணங்களில் உள்ளன. நடுவில் நிரல் அமைக்கும் இடம். வலப்புறம் மேடை. மேடையில் நிற்கும் பூனை ஒரு ஸ்பிரைட். நாம் இடும் கட்டளைகளைச் செய்யும் நடிகர் என்று அதைக் கொள்ளலாம். மேடையின் அகலம் 480 அலகுகள், உயரம் 360 அலகுகள். நடுப்புள்ளி சுழியம்.

முதல் பயிற்சியாக ஆமையின் பழைய சதுரத்தையே வரையலாம். கீழ் மூலையில் உள்ள நீட்சிகள் பொத்தானை அழுத்திப் 'பேனா' வகையைச் சேர்க்க வேண்டும். பின்னர் கீழ்க்காணும் வரிசையில் கட்டைகளைப் பொருத்த வேண்டும்:

1. பச்சைக் கொடியை அழுத்தும்போது
2. அனைத்தையும் அழி
3. நடுப்புள்ளிக்குச் செல்
4. 90 பாகைத் திசையை நோக்கு
5. பேனாவைத் தாழ்த்து
6. 4 முறை திரும்பச் செய்
7. அதற்குள்: 100 அடி நகர், வலப்புறம் 90 பாகை திரும்பு, 1 நொடி காத்திரு

கொடியை அழுத்தினால் பூனை நடந்து சதுரம் வரையும். காத்திருக்கும் கட்டை இல்லையென்றால் எல்லாம் நொடியில் முடிந்துவிடும், பூனை நடப்பதைக் காண முடியாது.

அடுத்து முக்கோணம். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று படித்திருப்பதால், 3 முறை, 60 பாகை என்று மாற்றத் தோன்றும். அப்படிச் செய்தால் முக்கோணம் வராது. மூன்று பக்கங்களோடு பாதியில் நிற்கும் ஒரு வடிவம் வரும். இங்கே ஆசிரியர் விடையைச் சொல்லிவிடக்கூடாது. மாணவரை எழுந்து முக்கோணமாக நடந்து பார்க்கச் சொல்ல வேண்டும். மூலையில் நடப்பவர் திரும்புவது உட்கோணத்தின் அளவுக்கு அன்று, புறக்கோணத்தின் அளவுக்கு. எனவே 120 பாகை. தொடங்கிய திசைக்கே மீண்டு வர மொத்தம் 360 பாகை திரும்ப வேண்டும். அதைப் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் எந்த ஒழுங்குப் பலகோணத்தையும் வரையலாம். தவறாக வந்த வடிவத்தையும் வீணாக்க வேண்டாம். அதில் 3 என்பதை 6 என்று மாற்றினால் அழகான அறுகோணம் கிடைக்கும். அதாவது முதலில் வந்தது அறுகோணத்தின் பாதி.

விமர்சனங்கள்

ஸ்கிராட்ச் மீது விமர்சனங்களும் உண்டு. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2011-இல், ஸ்கிராட்ச் பயிலும் மாணவர்கள் திட்டமிடாமல் கட்டைகளை எடுத்துப் பொருத்திப் பார்க்கும் பழக்கத்துக்கும், நிரலை மிகச் சிறு துண்டுகளாகச் சிதறவிடும் பழக்கத்துக்கும் ஆளாகின்றனர் என்று சுட்டிக்காட்டினர். இது புறக்கணிக்கத்தக்கதன்று. விளையாடிப் பார்ப்பது தொடக்கத்துக்கு நல்லது. ஆனால் ஒரு கட்டத்தில், செய்யப்போவதை முதலில் தாளில் எழுதிப் பார்க்கும் பழக்கமும், நீண்ட நிரலைப் பெயரிட்ட தனிக் கட்டைகளாகப் பிரிக்கும் பழக்கமும் கற்பிக்கப்பட வேண்டும். மறுபுறம், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற தொடக்கநிலைக் கணினிப் பாடம் ஸ்கிராட்ச்சில்தான் ஆரம்பித்து, பின்னர் எழுத்து வடிவ மொழிகளுக்குச் செல்கிறது. இரண்டுக்கும் இடையே பாலம் அமைக்க முடியும் என்பதற்கு அது சான்று.

வகுப்பறையில் ஸ்கிராட்ச்

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் காட்சித் தொடர்பு பாடத்தில் ஸ்கிராட்ச் அறிமுகப்படுத்தப்பட்டுள்ளது. அது எம்.ஐ.டி.யில் உருவானது என்பதும், மேடை, ஸ்பிரைட், நிரல் பகுதி ஆகியவற்றின் விளக்கமும் அங்கே உள்ளன. ஓர் அரசுப் பள்ளி மாணவருக்கு இப்பெயர் முதன்முதலில் அறிமுகமாவது அப்பக்கங்களில்தான் என்றால், அது ஒரு நல்வாய்ப்பு. ஆனால் அசைவூட்டம் உருவாக்க உதவும் மென்பொருள் எது என்ற ஒரு மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதுவதோடு அது முடிந்துவிட்டால், லோகோவுக்கு நேர்ந்ததே ஸ்கிராட்ச்சுக்கும் நேரும். மேடையின் அளவை மனப்பாடம் செய்த மாணவருக்கும், பாதியில் நின்ற முக்கோணத்தைத் தானே சரிசெய்த மாணவருக்கும் இடையிலான தொலைவை மதிப்பெண் காட்டாது.

கணினிகள் குறைவாக உள்ள பள்ளியிலும் இதைச் செய்யலாம். ஒரு கணினிக்கு மூன்று பேர் அமர்ந்து, ஒருவர் ஆமையாக நடக்க, ஒருவர் கட்டளை சொல்ல, ஒருவர் கட்டைகளைப் பொருத்தலாம். பெர்ல்மன் செய்ததுபோல் கட்டளைகளை அட்டைகளில் எழுதி, கணினி இல்லாத நேரத்திலும் நிரல் அமைக்கலாம். முக்கோணம் வந்த பின் மாணவர்கள் அடுத்து எதை வரைய விரும்புகின்றனர் என்று அவர்களையே கேட்பது நல்லது. கோலமோ, பட்டமோ, கிரிக்கெட் விளையாட்டோ, அவர்கள் தேர்ந்தெடுக்கும் பொருளே அடுத்த பாடம்.